இன்னும் தயாராகவில்லை

அந்த மெத்தைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஃபாரம் அக்கா என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவளுடைய அறைக் கதவில் 'பணியாளர் வளர்ச்சிப் பிரிவு' என்று ஒரு பலகை மாட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "உயரம் வளர மருந்து தருவீங்களா?" என்று கேட்காத ஆள் அங்கே கிடையாது. பதினொரு வருடமாக அதே நகைச்சுவை. அவளும் பதினொரு வருடமாகச் சிரித்துவைத்தாள்.

வேலை என்னவென்றால், வருடக் கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்து வாங்கி அடுக்குவது. ஃபாரத்தின் மேல்பாதியை வேலை செய்கிறவர் நிரப்ப வேண்டும். 'உங்கள் விருப்பம் என்ன?' என்று கேட்டு, கீழே நாலு கோடு போட்டிருக்கும். கீழ்ப்பாதி அவருடைய மேனேஜருக்கு. அதில் மூன்று கட்டம். அடுத்த பதவிக்கு 'இப்போதே தயார்', 'ஓராண்டில் தயாராகலாம்', 'இன்னும் தயாராகவில்லை'. ஒன்றில் டிக் போட்டு, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தனையும் அலமாரிக்குள் போகும். அங்கிருந்து எந்த ஃபாரமும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்கு ஃபாரம் அக்கா என்ன செய்வாள்? யாரும் கேட்டால்தானே எடுத்துக் கொடுப்பதற்கு!

அறையில் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சின்ன ஃபாரம் என்று பெயர். முப்பத்தாறு வயது. உதவியாளராகச் சேர்ந்து எட்டு வருடம். எந்தக் கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது, யாருக்கு எப்போது பயிற்சி, எந்த மேனேஜர் ஃபாரம் கொடுக்காமல் டிமிக்கி கொடுக்கிறார், எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். கம்ப்யூட்டரும் அவள்தான். ஃபாரம் அக்காவுக்கும் கம்ப்யூட்டருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அக்கா தொட்டால் அது நின்றுவிடும், சின்ன ஃபாரம் வந்து தொட்டால் ஓடும்.

சின்ன ஃபாரம் அதிகம் பேச மாட்டாள். அவளுடைய கணவனுக்கு வேறு ஊரில் வேலை, பஸ்ஸில் ஐந்து மணி நேரம். சனிக்கிழமை வருவான், ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எட்டு வருடமாக இதுதான் அவர்கள் குடித்தனம். ஃபாரம் அக்காவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். "தங்கமான பொண்ணு. இவ இல்லேன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்று கேட்பவரிடமும் சொல்வாள், கேட்காதவரிடமும் சொல்வாள். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் எம்.டி. கூப்பிட்டனுப்பினார். அவர் நடந்துகொண்டே பேசுகிற மனிதர். ஃபாரம் அக்கா பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

"புது தொழிற்சாலை திறக்கறோம், தெரியும்ல?"

தெரியும். ஊரெல்லாம் அதே பேச்சு. சின்ன ஃபாரத்தின் கணவன் வேலை பார்க்கிற அதே ஊரில்தான் கட்டடம் எழும்பியிருந்தது.

"அங்க பொறுப்பான பதவிக்குப் பத்துப் பேர் வேணும். வெளியிலேருந்து எடுக்க எனக்கு இஷ்டமில்ல. நம்ம ஆளுங்க வளரணும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லா மேனேஜரையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க பத்து பேரோட வாங்க."

"வெள்ளிக்கிழமையா சார்? நாலு நாள்தானே இருக்கு!"

எம்.டி. அன்றைக்கு முதல் தடவையாக நின்றார். "பதினொரு வருஷமா ஃபாரம் வாங்கறீங்க. அதுலேருந்து பத்துப் பேர் தேறலேன்னா, அந்தப் பிரிவு எதுக்குன்னு எனக்கே ஒரு கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

அதாவது, பத்துப் பேர் இல்லையென்றால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். ஃபாரம் அக்கா தன் அறைக்குத் திரும்பி வருகிற வழியில், அந்த ஊர், அந்தக் கணவன், சனிக்கிழமை பஸ் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கத்தான் செய்தது. தலை போகிற வேலை இருக்கும்போது எட்டிப் பார்ப்பதையெல்லாம் உட்காரவைத்து உபசரிக்க முடியுமா? அதைக் கடந்து வந்துவிட்டாள்.

"'இப்போதே தயார்'னு யார் யாருக்கு டிக் விழுந்திருக்கு, எடும்மா" என்றாள்.

சின்ன ஃபாரம் நாலு தட்டுத் தட்டினாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. பதினொரு பேர்.

"பதினொண்ணு! பத்து கேட்டா பதினொண்ணு! இதுக்குப் போய் நான் வேர்த்து வழிஞ்சேனே!"

"நேர்ல ஒரு தடவை பாத்துருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள் சின்ன ஃபாரம்.

செவ்வாய்க்கிழமை ஃபாரம் அக்கா பட்டியலும் கையுமாகக் கிளம்பினாள். முதல் ஆள் தரச் சோதனைப் பிரிவில். போய்ப் பார்த்தால், புது மெத்தை ஒன்றின்மேல் மனிதர் மல்லாந்து கிடந்தார். குறட்டை கதவு வரைக்கும் கேட்டது. எழுப்பினாள்.

"டெஸ்ட் பண்றேன்க்கா" என்றார்.

"கண்ண மூடிக்கிட்டா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டு யாருக்கா மெத்தையில படுப்பாங்க?"

அடுத்த ஆளிடம் போனாள். இவர் கிடங்கில் லாரி அனுப்புகிறவர். ஒரே வருடத்தில் மூன்று தடவை சரக்கை வேறு ஊருக்கு அனுப்பிய பெருமை அவருக்கு உண்டு. அதைப் பற்றிக் கேட்டதும், "லாரி இங்கேருந்து போச்சா இல்லையா? போச்சு. எங்க போச்சுங்கறது டிரைவர் சமாசாரம்" என்றார். மூன்றாவது ஆள் ஸ்பாஞ்சு வெட்டுகிற பிரிவில். அவர் பிரிவிலிருந்த அத்தனை பேர் மேலும் புகார் எழுதிக் கொடுத்து முடித்துவிட்டு, மின்விசிறி தன் பக்கம் திரும்புவதில்லை என்று அதன் மேலும் எழுத்தில் ஒரு புகார் கொடுத்திருந்தார். நாலாவது, ஐந்தாவது என்று போகப் போக, ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். பதினோராவது ஆளைப் பார்க்க முடியவில்லை, அவர் ஒரு வாரமாக வேலைக்கே வரவில்லை.

ஃபாரம் அக்கா பட்டியலை மடித்துப் பையில் வைத்தாள். இந்தக் கூட்டத்தைக் கொண்டுபோய் எம்.டி. முன்னால் நிறுத்தினால் பலகையோடு சேர்த்துத் தன்னையும் கழற்றி வீசிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், இவர் பக்கத்து சீட்டில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் என்னவோ பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ரொம்ப குஷியா இருக்கீங்க?"

"ஒரு டீச்சரம்மா கத்துக்க வர்றாங்க. அடேயப்பா, என்ன ஓட்டு! பிரேக்கே தொட வேண்டாம். நான் பாட்டுக்கு சாஞ்சு உக்காந்து ஒரு தூக்கம் போட்டேன்னா பாத்துக்கயேன்."

"அப்ப லைசென்சுக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

"அனுப்பணும், அனுப்பணும்" என்று தலையைச் சொறிந்தார். "இன்னும் நாலு கிளாஸ் போகட்டும்னு சொல்லிவச்சிருக்கேன். ரிவர்ஸ் கொஞ்சம் சரியில்லன்னு."

"நிஜமாவே சரியில்லையா?"

"நல்லாத்தான் எடுக்கறாங்க. ஆனா அவங்க போயிட்டா, அந்த நேரத்துக்கு அந்த மளிகைக் கடைக்காரர் வர்றேங்கறார். அவர் நேத்து கம்பத்துல ஏத்தப் பாத்தாரு. அவரையெல்லாம் முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் அனுப்பிடணும்மா. 'சூப்பரா ஓட்டறீங்க, நாளைக்கே டெஸ்டுக்குப் போங்க'ன்னு சொல்லிட்டேன்."

ஃபாரம் அக்கா கையில் பிடித்த துண்டோடு அப்படியே நின்றாள்.

"அடப்பாவி!"

"என்னம்மா, நாலே நாலு கிளாஸ்தானே."

"உங்களச் சொல்லல. பன்னெண்டு மேனேஜருங்களச் சொல்றேன்!"

விஷயம் பட்டென்று விளங்கிவிட்டது. யார் தொல்லையோ அவருக்கு 'இப்போதே தயார்'. எங்கேயாவது தொலையட்டும் என்று அர்த்தம். யார் இல்லாவிட்டால் பிரிவு படுத்துவிடுமோ அவருக்கு 'இன்னும் தயாராகவில்லை'. இவரைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்று அர்த்தம். பதினொரு வருடமாகப் பன்னிரண்டு பேரும் கூடிப் பேசாமலே ஒன்றுபோல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இவளும் அதை அழகாக அடுக்கிவைத்திருக்கிறாள்!

புதன்கிழமை காலையில் செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினாள். "தலைகீழாப் பாக்கணும்மா! 'இன்னும் தயாராகவில்லை'ன்னு யாருக்கு அதிக வருஷம் விழுந்திருக்கோ, அவங்கள மேல போடு. அவங்கதான் நம்ம ஆளுங்க!"

விஷயத்தை விளக்கினாள். சின்ன ஃபாரத்தின் விரல்கள் தட்டாமல் சற்று நேரம் கீபோர்டின் மேலேயே நின்றன.

"எல்லாப் பிரிவையும் எடுக்கவாக்கா?"

"எல்லாத்தையும் எடு. ஒண்ணு விடாம எடு. யாரையும் விடப்போறதில்ல நான்."

பிரிண்டர் நெடுநேரம் ஓடியது. பிரிவுக்கு ஒரு தாளாக வந்து விழுந்தது. ஃபாரம் அக்கா தையல் பிரிவிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அலமாரியிலிருந்து பழைய ஃபாரங்களை எடுத்து, மேனேஜர்கள் எழுதியிருந்த காரணங்களைச் சத்தமாகப் படித்துக்காட்டினாள். அன்றைக்கு அந்த அறையில் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை.

"இதக் கேளு. 'தன்னம்பிக்கை போதவில்லை.' யாருக்கு? மெஷின் மக்கர் பண்ணினா மெக்கானிக்கைக் கூப்பிடாம எல்லாரும் ஓடிப் போய் நிக்கறாங்களே, அந்தத் தையக்காரம்மாவுக்கு! இதப் பாரு, கிடங்குல. 'கூச்ச சுபாவம். மேலும் பக்குவம் தேவை.' பக்குவம் தேவையாம்! மாம்பழமா, வைக்கோல்ல வச்சுப் பழுக்க விடறதுக்கு? கூச்ச சுபாவமாம்! மெத்தைக்குக் கணக்கு வைக்க மேடையேறிப் பேசணுமாக்கும்! நெஞ்சுல ஈரமே இல்லாதவங்க."

சின்ன ஃபாரம் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு சண்டைக்குக் கிளம்பினாள் ஃபாரம் அக்கா. தையல் மேனேஜர் நல்ல ஆகிருதி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். பெயரைச் சொன்னதுமே அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, அந்தம்மாவையா? அவங்கள எடுத்தா என் பிரிவே படுத்துரும்க்கா!"

"மெத்தைக் கம்பெனிதானே, படுக்கட்டும். அஞ்சு வருஷமா ஒரு பொம்பளையோட முன்னேற்றத்து மேல ஏறி உக்காந்திருக்கீங்களே, மனசு உறுத்தலையா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர்தான். "உறுத்தும்க்கா. வருஷத்துக்கு ஒரு தடவை, ஃபாரம் எழுதறப்ப. அப்புறம் ஃபாரம் உங்ககிட்ட வந்துட்டா சரியாப் போயிரும்."

"ஓகோ. இப்ப ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அந்தம்மாவை அனுப்பறீங்களா? இல்ல, நீங்க அஞ்சு வருஷமா எழுதினதை வெள்ளிக்கிழமை எம்.டி. முன்னால நான் படிக்கவா? அதோட, 'இப்போதே தயார்'னு எழுதித் தள்ளிவிடப் பாத்தீங்களே ஒரு ஆளு, அவரை ஆயுசுக்கும் உங்ககிட்டயே விட்டுட்டுப் போகவா?"

இரண்டாவது மிரட்டல்தான் வேலை செய்தது. மற்ற மேனேஜர்களிடமும் அதையே பிரயோகித்தாள். ஒருவர் கெஞ்சினார், ஒருவர் பத்து நாள் அவகாசம் கேட்டார், கிடங்கு மேனேஜர் கண்கலங்கியே விட்டார். யாரையும் விடவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதும் முத்து.

பத்தாவது பதவி ஒன்றுதான் பாக்கி. புதுத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவுக்கு ஓர் அதிகாரி. அதற்கு யாரைப் போடுவது என்று புரியாமல் ஃபாரம் அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குச் சின்ன ஃபாரம் பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்தப் பட்டியல்ல கடைசித் தாள் ஒண்ணு இருக்குக்கா. நீங்க இன்னும் பாக்கல."

"அப்படியா? பாக்கறேன், பாக்கறேன். நீ கிளம்பு, புள்ளைங்க காத்திருக்கும்."

அவள் போனபின் அந்தத் தாளை எடுத்தாள். அதில் ஒரே ஒரு வரி. பிரிவு: பணியாளர் வளர்ச்சி. 'இன்னும் தயாராகவில்லை': எட்டு வருடம். தொழிற்சாலையிலேயே அதிகம். தையக்காரம்மாவை விட மூன்று வருடம் கூடுதல்.

கம்ப்யூட்டர் கிறுக்குத்தனமாக எதையோ அச்சடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். எட்டு ஃபாரம். எட்டிலும் கீழ்ப்பாதியில் அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்து. முதல் வருடம், 'புதியவர், பழக வேண்டும்.' சரி, அது நியாயம். இரண்டாம் வருடம், 'கூச்ச சுபாவம்.' மூன்றாம் வருடம், 'கூச்ச சுபாவம். மேலும் பக்குவம் தேவை.' அதற்கப்புறம் ஐந்து வருடமும் புதிதாக ஒரு வார்த்தை கூட யோசிக்காமல் அதையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தாள். நேற்று இதே அறையில், இதே வார்த்தைகளை, யாரைப் பார்த்துப் படித்துக்காட்டிச் சிரித்தாள்!

மேல்பாதியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தாள். இருநூற்றுப் பதினொரு பேரின் விருப்பத்தையும் படித்தவள்தான். இவளைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று இந்த ஒன்றை மட்டும் படித்ததே இல்லை. முதல் வருடம் சின்ன ஃபாரம் நாலு கோடும் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்குத் தானே பயிற்சி கொடுக்க ஆசை, தனியாக ஒரு பிரிவை நடத்த முடியும், எந்த ஊரானாலும் போகத் தயார், கணவர் இருக்கிற ஊரில் கம்பெனி கிளை திறந்தால் சொல்லவும், பிள்ளைகள் அப்பாவைக் கேட்கிறார்கள். இரண்டாம் வருடம் மூன்று கோடு. நாலாம் வருடம் ஒரு கோடு. ஆறாம் வருடம், 'சென்ற ஆண்டு எழுதியதே.' இந்த வருடம் ஒரு சின்னக் கோடு இழுத்து விட்டிருந்தாள்.

ஃபாரம் அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியில் உட்கார்ந்து தனியாக அழுதாள். அழுது முடித்ததும் பயம் வந்தது. இவள் போய்விட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரத்தையும் யார் வரிசைப்படுத்துவது? அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரை யார் தொடுவது? யாரிடம் நான் தொணதொணப்பது? உண்மையைச் சொன்னால், வெட்கத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆனாலும் புதிதாக ஒரு ஃபாரத்தை எடுத்து, 'இப்போதே தயார்' கட்டத்தில் பெரிதாக டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். பழைய எட்டையும் அலமாரியின் அடித்தட்டில் செருகினாள். நல்ல காரியம் செய்கிறபோது பழசையெல்லாம் எதற்குக் கிளற வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். சாமர்த்தியசாலி!

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பன்னிரண்டு மேனேஜர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஃபாரம் அக்கா எழுந்து, ஃபாரங்களை எப்படித் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்று விளக்கினாள். "'இப்போதே தயார்'னா தள்ளிவிடற ஆள் சார். 'இன்னும் தயாராகவில்லை'ன்னா தங்கம். இந்தக் கம்பெனியில அதான் பாஷை." எம்.டி. விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பெயரும் தடையில்லாமல் போயிற்று.

"பத்தாவது, பணியாளர் பிரிவுக்கு, என் உதவியாளர் சார்" என்று ஃபாரத்தை நீட்டினாள்.

எம்.டி. வாங்கிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். "இதுல 'இப்போதே தயார்'னு இருக்கே."

"ஆமா சார்."

"நீங்க சொன்ன பாஷைப்படி பாத்தா, இது தள்ளிவிடற ஆள் இல்லையா?"

அறையே சிரித்தது. தையல் மேனேஜருக்குக் கொண்டாட்டம். "அக்காவும் நம்ம ஜாதிதான் சார்!" என்றார், நாடாவைச் சுழற்றியபடி.

"சரி, வேணாம் விடுங்க" என்று எம்.டி. ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார். "அதுக்கு வெளியிலேருந்து ஆள் எடுத்துக்கறேன். ஒன்பது பேர் குடுத்ததே பெரிசு. உங்க பிரிவு பிழைச்சுது, போங்க."

ஃபாரம் அக்கா உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு அழகாக முடிந்துவிட்டது! பிரிவு பிழைத்தது. தன் கடமையையும் செய்தாயிற்று, சிபாரிசு செய்தாயிற்று, மேலிடம் வேண்டாம் என்றுவிட்டது. சின்ன ஃபாரம் எதிர் மேசையிலேயே இருப்பாள், கம்ப்யூட்டர் ஓடும். யாரும் குறை சொல்ல முடியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான், கோப்பை மூடிவிட்டு வாயை மூடிக்கொள்வது. கோப்பை மூடிக்கூட விட்டாள். அந்தச் சின்னக் கோடுதான் கண் முன்னால் நின்றது.

"சார், ரெண்டே நிமிஷம்!" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள்.

நாற்பத்தெட்டு வயதில், செருப்பு படபடவென்று அடிக்க, நடைபாதை முழுக்க அவள் ஓடியதைப் பார்த்துத் தீ பிடித்துவிட்டதோ என்று நாலு பேர் வெளியே வந்தார்கள். அறைக்குள் நுழைந்தாள். சின்ன ஃபாரம் நிமிர்ந்து பார்த்தாள். ஃபாரம் அக்கா மூச்சு வாங்க அலமாரியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அடித்தட்டில் கையை விட்டு எட்டு ஃபாரத்தையும் உருவினாள்.  வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

"சார், இதையும் பாருங்க." எட்டையும் மேசையில் பரப்பினாள். "எட்டு வருஷமா நான் எழுதினது. நானே படிக்கறேன். 'கூச்ச சுபாவம்.' 'கூச்ச சுபாவம், மேலும் பக்குவம் தேவை.' 'கூச்ச சுபாவம், மேலும் பக்குவம் தேவை.' இவங்கள்ளாம் எழுதினதைப் பாத்துச் சிரிச்சேன் சார். நான்தான் எல்லாரையும் விட மோசம். அவ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிரும், அதான் பொய் எழுதினேன். நீங்க சிரிச்சீங்களே, அந்தப் பட்டியலை வரிசைப்படுத்திக் குடுத்ததே அவதான். நேத்து நான் போட்ட டிக்கு மட்டும்தான் சார் நிஜம். தள்ளிவிடல. சத்தியமாத் தள்ளிவிடல. போக விட மனசே இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிடங்கு மேனேஜர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல் மேனேஜர் மட்டும், "எட்டு வருஷமா? நானாவது அஞ்சு" என்று முணுமுணுத்தார். எம்.டி. எட்டு ஃபாரத்தின் மேல்பாதியையும் ஒவ்வொன்றாக, நின்று, நிதானமாகப் படித்தார்.

"இதையெல்லாம் யாருமே படிக்கலையா?"

"படிக்க வேண்டியவ நான்தான் சார்."

அவர் பத்தாவது ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷம் அந்த மூணு கட்டத்தையும் எடுத்துருங்க. மேல்பாதி மட்டும் போதும், நானும் படிக்கறேன்" என்றார்.

ஃபாரம் அக்கா திரும்பி வந்தபோது சின்ன ஃபாரம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா போய் அவள் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பத்தாவது ஆள் நீதான். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி. அதிகாரி."

தட்டுகிற சத்தம் நின்றது. சின்ன ஃபாரத்தின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட இல்லை அவள். "அவருக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமாக்கா?" என்றாள்.

"பண்ணு, பண்ணு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போ. எட்டு வருஷமா நான் உனக்குச் செஞ்சது அநியாயம். எட்டு ஃபாரத்தையும் நீதானே அடுக்கினே. ஒரு தடவையாவது, 'ஏங்க்கா இப்படி எழுதறீங்க'ன்னு என் சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாம்ல? ஏன் வாயே திறக்கல?"

சின்ன ஃபாரம் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதானேக்கா வருஷா வருஷம் எழுதினீங்க, கூச்ச சுபாவம்னு."

ஃபாரம் அக்காவுக்குச் சுருக்கென்றது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். சின்ன ஃபாரமும் சிரித்தாள், எட்டு வருடத்தில் அந்த அறை கேட்டிராத பெரிய சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, தன் நாற்காலியை இழுத்து வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டாள்.

"சரி, இன்னும் இருக்கிறது இருபது நாள். அந்த வரிசைப்படுத்தற வித்தையை எனக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போ."

சின்ன ஃபாரம் அவளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா விரலை நீட்டி ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டாள். திரை அணைந்துபோனது.

"அதுக்கு நீங்க இன்னும் தயாராகலக்கா" என்றாள் சின்ன ஃபாரம்.